எட்டில் ஒரு பங்கு வரைந்தால் போதும்: மோட்டார் சிமுலேஷனில் சமச்சீர்

மோட்டாரில் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வருவதால், ஒரு துண்டை மட்டும் கணினியில் வரைந்து கணக்கிட்டாலே போதும். உதாரணத்துக்கு 2004 டொயோட்டா ப்ரியஸ் காரின் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். ஸ்டேட்டரில் (சுழலாத வெளிப்பகுதி) 48 ஸ்லாட் (சுருள் வைக்கும் பள்ளம்), ரோட்டாரில் (சுழலும் உள்பகுதி) 8 துருவம், துருவத்துக்கு ஒரு 'வி' வடிவக் காந்த ஜோடி. மென்பொருள் டேவிட் மீக்கர் எழுதிய இலவச எஃப்.இ.எம்.எம்., காந்தப் புலத்தை இருபரிமாணத்தில் கணக்கிடுவது. எடுத்த எடுப்பிலேயே முப்பரிமாண மென்பொருளுக்குக் காசு கொட்ட வேண்டாம். வடிவம் வரையவும் மெட்டீரியல் கொடுக்கவும் தெரியும்தானே? நேரே வெட்டுவதற்குப் போகலாம்.

படி 1: எவ்வளவு வெட்டலாம்?

ஸ்லாட், துருவம் இரண்டின் எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொது வகுத்தி எடுங்கள். 48க்கும் 8க்கும் அது 8. ஆக 45 டிகிரித் துண்டு, அதில் 6 ஸ்லாட், 1 துருவம். துண்டில் துருவம் ஒற்றைப்படை என்றால் ஆன்டி-பீரியாடிக் எல்லை (இரு வெட்டுப் பக்கங்களிலும் புலம் ஒரே அளவு, குறி மட்டும் எதிர்), இரட்டைப்படை என்றால் பீரியாடிக் (அளவும் குறியும் ஒன்றே). 12 ஸ்லாட், 8 துருவம் என்றால் கால் பங்கு, பீரியாடிக். 12க்கு 10 என்றால் அரைப் பங்கு, ஆன்டி-பீரியாடிக். 9க்கு 8 என்றால் முழுசாகத்தான் வரைய வேண்டும்.

வைண்டிங்கும் (சுருள் சுற்றிய வரிசை) இதற்கு ஒத்துவர வேண்டும். இங்கே ஆறு ஸ்லாட்டில் +ஏ, +ஏ, -சி, -சி, +பி, +பி (ஏ, பி, சி என்பவை மூன்று பேஸ்கள், குறி கரண்ட்டின் திசை). அடுத்த ஆறில் அதே வரிசை, குறிகள் மட்டும் தலைகீழ். அப்படி வராவிட்டால் வெட்டாதீர்கள்.

படி 2: எங்கே வெட்டுவது?

ஸ்டேட்டரைப் பல்லின் நடுவில் வெட்டுங்கள். ஸ்லாட் எதுவும் பாதியாகாது. ரோட்டாரை இரண்டு துருவங்களுக்கு நடுவில் வெட்டுங்கள். ஷாஃப்ட்டை விட்டுவிட்டு, உள் வில்லுக்கும் ஸ்டேட்டரின் வெளி வில்லுக்கும் வெக்டர் பொட்டன்ஷியல் பூஜ்ஜியம் என்று கொடுங்கள், அதாவது ஃப்ளக்ஸ் (காந்தப் பாயம்) அந்த வில்லைத் தாண்டாது.

படி 3: எல்லை நிபந்தனை

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். எஃப்.இ.எம்.எம்.மில் ஒரு பீரியாடிக் பெயரைச் சரியாக இரண்டு கோடுகளுக்குத்தான் கொடுக்கலாம். ஸ்டேட்டர் இரும்பின் இடது, வலது கோடுகளுக்கு ஒரு பெயர், ரோட்டார் இரும்புக்கு இன்னொன்று. காற்றிடைவெளியின் (ஸ்டேட்டருக்கும் ரோட்டாருக்கும் நடுவிலுள்ள சந்து) ஓரத்தில் வரும் குட்டிக் கோடுகளுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். அவற்றைத்தான் மறந்துவிடுவார்கள், பெரிதாக்கிப் பார்த்தால்தான் கண்ணில் படும். ஜோடிக் கோடுகள் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் நடுவில் புள்ளி வைத்தால் மறுபக்கமும் அதே ஆரத்தில் வையுங்கள்.

பெயர் கொடுக்காமல் விட்ட கோட்டில் ஃப்ளக்ஸ் கோடுகள் செங்குத்தாகப் போய் முட்டும். ஆன்டி-பீரியாடிக்குக்குப் பதில் பீரியாடிக் கொடுத்துவிட்டால் வேறு விபரீதம். ஒரே துருவம் உள்ள துண்டில் காற்றிடைவெளியைக் கடக்கும் மொத்த ஃப்ளக்ஸ் பூஜ்ஜியமாகிவிடும். காந்தத்தின் ஃப்ளக்ஸ் ரோட்டாருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, டார்க் (சுழற்று விசை) மட்டும் படுத்துவிடும்.

படி 4: ரோட்டாரைச் சுழற்றுவது

இடைவெளி சுமார் 0.75 மி.மீ. அதை மூன்றாகப் பிரித்து இரண்டு வில் போடுங்கள். இரண்டும் 45 டிகிரி. இரண்டுக்கும் ஒரே ஆன்டி-பீரியாடிக் ஏர் கேப் நிபந்தனை. நடுவிலுள்ள கால் மி.மீ.யின் பக்கங்களை மூடாமல் விடுங்கள். பிறகு அந்த நிபந்தனையிலுள்ள உள் கோணத்தை மாற்றினாலே போதும், ரோட்டார் சுழன்றதாகக் கணக்கு. வடிவத்தையே நகர்த்தும் பழைய முறையைத் தொடாதீர்கள், ஒவ்வொரு கோணத்துக்கும் எல்லையைத் திரும்பக் கொடுத்தே ஓய்ந்துவிடுவீர்கள்.

45 டிகிரியும் சுற்றத் தேவையில்லை. காகிங் டார்க்குக்கு (கரண்ட் இல்லாமலே காந்தமும் பற்களும் இழுப்பதால் வருவது) 7.5 டிகிரி, சைன் கரண்ட்டில் டார்க் ரிப்பிளுக்கு (டார்க்கின் ஏற்ற இறக்கம்) 15 டிகிரி போதும்.

படி 5: பெருக்குவது

இரும்பு இழப்பு, செம்பு இழப்பு, ஆற்றல் எல்லாம் எட்டால் பெருக்க வேண்டியவை. ஆழம் (சுமார் 84 மி.மீ.) அப்படியே இருக்கும், அதை வகுக்கக் கூடாது. ஃப்ளக்ஸ் லிங்கேஜை (சுருளின் சுற்றுகளோடு பிணையும் மொத்த ஃப்ளக்ஸ்) எட்டால் பெருக்குவது சுருள்கள் தொடராக இருந்தால்தான். எட்டும் இணை என்றால் பெருக்க வேண்டாம்; பேஸ் கரண்ட்டை எட்டால் வகுத்துக் கொடுங்கள். டார்க்கைச் சில மென்பொருள்கள் தாமே பெருக்கிவிடும். அதனால் ஒரே ஒரு கோணத்துக்கு முழு மோட்டாரையும் வரைந்து ஓட்டி ஒப்பிடுங்கள்.

பிற்சேர்க்கை: ரோட்டார் மையம் விலகியிருந்தாலோ, ஒரு காந்தம் மட்டும் வலுவிழந்திருந்தாலோ, ஒரு சுருள் மட்டும் ஷார்ட் ஆகியிருந்தாலோ இந்த வெட்டு செல்லாது. அங்கே 360 டிகிரியும் வரைந்துதான் ஆக வேண்டும்.