பவர் ஹியரிங் எய்ட் ஒப்பிடுவது எப்படி: பெட்டியில் உள்ள எண்ணும் காதுக்குள் போகும் சத்தமும்

காது மிகவும் மந்தமான ஒருவருக்குக் கருவி தேடிப் போனால், "எந்தக் கருவிக்குப் பவர் கூட?" என்பதுதான் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி. கடையில் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒரு எண்ணாகத்தான் இருக்கும்: 130, 138, 146 டெசிபெல் (சத்தத்தின் அளவு). அந்த எண் பொய்யல்ல. ஆனால் அது ஆய்வுகூடத்தில் ஒரு உலோகக் குழிக்குள் அளந்தது. காதுக்குள் எவ்வளவு போகிறது என்பதை மோல்ட் (அவரவர் காதின் அச்செடுத்துச் செய்யும் அடைப்பு), ரியூப் (கருவியையும் மோல்டையும் இணைக்கும் குழாய்), கருவியை செட் பண்ணும் விதம் ஆகிய மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. ஆகவே இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது பிரசுரத்தைப் பார்ப்பது பாதி வேலை. மீதிப் பாதி காதில் போட்டுப் பார்த்துச் செய்வது.

முதலில் ஓடியோகிராம்

ஆறு மாதத்துக்கு மேல் பழைய ஓடியோகிராமை (செவிப்புலன் பரிசோதனைப் படத்தை) வைத்துக் கருவி தேர்ந்தெடுக்க வேண்டாம். காதுக் குறும்பியை எடுத்த பிறகே பரிசோதனை செய்ய வேண்டும். அடைத்த காதில் எடுத்த அளவு பிழைக்கும். படத்தில் சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. குறிக்குக் கீழே அம்பு இருந்தால், மெஷின் தரக்கூடிய உச்சச் சத்தத்துக்கும் பதில் இல்லை என்று பொருள். 2000 ஹேர்ட்ஸுக்கு மேல் (உயர் ஒலிகளின் பகுதியில்) வரிசையாக அம்புகள் இருந்தால் எவ்வளவு பவர் கொடுத்தாலும் அந்தப் பகுதியில் பேச்சு தெளிவாகாமல் போகலாம். இதைத் தெரிந்துகொண்டால் வீண் எதிர்பார்ப்பு குறையும்.

இன்னும் மூன்று தகவல் அதே தாளில் இருக்க வேண்டும்: எலும்பு வழிக் கேட்டல் அளவு (காதுக்குப் பின்னுள்ள எலும்பில் அதிர்வு கொடுத்து அளப்பது), சொற்களைச் சரியாகப் பிடித்த வீதம், சத்தம் தாங்க முடியாமல் போகும் அளவு. "பீப்" சத்தத்துக்கு மட்டும் கையுயர்த்தச் சொல்லிவிட்டு அனுப்பியிருந்தால் திரும்பப் போய்க் கேளுங்கள். எலும்பு வழி ஏன் முக்கியம் என்றால், இரண்டு பேருக்கும் 80 டெசிபெல் குறைவு என்று இருந்தாலும், ஒருவருக்கு அதில் ஒரு பங்கு நடுக்காதுப் பிரச்சினையாக இருக்கலாம். அவருக்கு மற்றவரைவிடக் கூடிய பவர் தேவைப்படும், கூடிய சத்தத்தையும் தாங்குவார். காதில் சீழ் வடிகிறவர் முதலில் ஈ.என்.ரி. டொக்டரிடம் போக வேண்டும். வடியும் காதை மோல்டால் இறுக அடைத்தால் நிலைமை மோசமாகும்.

திடீரென்று, சில மணித்தியாலங்களிலோ இரண்டு மூன்று நாட்களிலோ காது கேட்காமல் போனால் கருவி தேடி அலைய வேண்டாம். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். சிகிச்சை பிந்தினால் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு குறையும்.

பிரசுரத்தில் எதைப் பார்ப்பது

ஒவ்வொரு மொடலுக்கும் தொழில்நுட்பத் தாள் ஒன்று உண்டு. பளபளப்பான விளம்பரப் பிரதியை வைத்துவிட்டு இந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஓ.எஸ்.பி.எல். 90 என்று இருப்பது கருவி வெளியிடக்கூடிய உச்சச் சத்தம். முழு கெயின் என்பது மெல்லிய சத்தத்தை எவ்வளவு கூட்டும் என்பது. இரண்டும் வேறு வேறு. கெயின் போதாவிட்டால் மெல்லிய பேச்சு எட்டாது. உச்சம் போதாவிட்டால் பேச்சின் உரத்த பகுதிகள் நசுங்கிக் கரகரக்கும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரே கருவிக்கு இரண்டு அட்டவணை இருக்கும்: ஒன்று 2 சீசீ கப்ளரில் (2 கன சென்ரிமீற்றர் உலோகக் குழியில்) அளந்தது, மற்றது இயர் சிமியுலேட்டரில் (காதைப் போல அமைத்த அளவுக் கருவியில்) அளந்தது. இரண்டாவதில் எண்கள் எப்போதும் பெரிதாகத் தெரியும். 2019இல் வந்த ஒட்டிகொன் எக்ஸீட் யூ.பி. (அல்ட்ரா பவர், உச்சப் பவர்) மொடலுக்குச் சொல்லப்படும் 146 டெசிபெல் உச்சமும் 87 டெசிபெல் கெயினும் இயர் சிமியுலேட்டர் எண்கள். அதை இன்னொரு கம்பனியின் 2 சீசீ எண்ணோடு வைத்து "இது கூட, அது குறைவு" என்றால் கணக்கு பிழை. எந்த அட்டவணை என்று கேட்டு, இரண்டுக்கும் ஒரே வகை எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, எவ்வளவு கேட்டல் குறைவு வரை கருவி ஈடுகொடுக்கும் என்று காட்டும் ஃபிட்டிங் ரேஞ்ச் என்னும் நிழலிட்ட படம். உங்கள் ஓடியோகிராம் கோடு அந்த நிழலின் அடி விளிம்பில் தொங்கக் கூடாது. 10 முதல் 15 டெசிபெல் வரை இடம் மிச்சமிருந்தால், நாளைக்குக் கேட்பது இன்னும் கொஞ்சம் குறைந்தாலும் அதே கருவி தாங்கும். அதற்காகத் தேவைக்கு மிஞ்சிய பவரும் வேண்டாம். 132 டெசிபெலுக்கு மேல் உச்சம் உள்ள கருவிகள் மிச்சமிருக்கும் செவிப்புலனையே கெடுக்கக்கூடும் என்ற எச்சரிக்கையோடுதான் வருகின்றன. சிறு பிள்ளைகளின் காதுத் துவாரம் சின்னது, அதனால் அதே செட்டிங்கில் அவர்களின் செவிப்பறையில் கூடிய சத்தம் விழும்.

இந்த வகுப்பில் அடிபடும் பெயர்கள் போனாக் நைடா, ஒட்டிகொன் எக்ஸீட், ரீசவுண்ட் என்சோ. எல்லாவற்றிலும் விலைப்படி பல தரங்கள் உண்டு. நைடா பரடைஸ் என்றால் 90, 70, 50, 30. எக்ஸீட் என்றால் 1, 2, 3. விற்பவர் தானாகச் சொல்லாத விஷயம் ஒன்று: யூ.பி. உடலமைப்பு ஒன்றேயானால் அடித் தரத்திலும் மேல் தரத்திலும் பவர் ஏறக்குறைய ஒன்றுதான். கூடுதல் காசு போவது இரைச்சல் கட்டுப்பாட்டுக்கும் தானியங்கி வசதிகளுக்கும். வீட்டிலேயே இருக்கும், ஒருவர் இருவரோடு மட்டும் பேசும் முதியவருக்கு நடுத்தரமே போதும். மிச்சக் காசில் நல்ல மோல்டும், பேசுபவர் சட்டையில் குத்தும் வயர்லெஸ் மைக்கும் வாங்குவது கூடிய பலன் தரும். தூரமும் இரைச்சலும் சேரும்போது எந்தப் பவர் கருவியும் அந்த மைக்குக்கு ஈடாகாது.

பற்றரி

உச்சப் பவர் மொடல்களுக்கு நீல ஸ்டிக்கர் ஒட்டிய 675 பற்றரி. ஒருபடி குறைந்தவற்றுக்குச் செம்மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய 13. 675இன் கொள்ளளவு 13இன் இரண்டு மடங்கு அளவில் இருக்கும். ஸ்டிக்கரைக் கழற்றி ஒரு நிமிடமாவது காற்றுப்பட வைத்த பிறகே கருவிக்குள் போட வேண்டும். கழற்றியதும் அது உயிர்பெற்றுவிடும், திரும்ப ஒட்டினாலும் நிற்காது. அட்டையின் பின்புறத் திகதியைப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் பழைய பற்றரியும் கைக்கெட்டாமல் இருக்க வேண்டும், விழுங்கினால் உயிராபத்து.

சார்ஜ் பண்ணும் பவர் மொடல்களும் உண்டு. வசதிதான். ஆனால் 2022இல் இலங்கையில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களை மறந்துவிட்டு வாங்கக் கூடாது. உள்ளேயிருக்கும் லித்தியம் பற்றரி பழுதானால் மாற்றுவது கொழும்பிலா, வெளிநாட்டுக்கு அனுப்பியா என்பதையும் முன்பே கேளுங்கள்.

மோல்ட்: வெற்றியும் தோல்வியும் இங்கேதான்

பவர் கருவிக்கு ரெடிமேட் ரப்பர் தொப்பி சரிவராது. சத்தம் பக்கவாட்டில் கசிந்து மைக்குக்குத் திரும்பிப் போகும், கருவி கூவும். கூவுவதை நிறுத்த சத்தத்தைக் குறைப்பார்கள். கடைசியில் 140 டெசிபெல் கருவிக்குக் காசு கொடுத்துவிட்டு 115 டெசிபெல் பாவிப்பீர்கள்.

அச்செடுக்கும்போது கவனிக்க: நூல் கட்டிய பஞ்சு அல்லது ஸ்பொஞ்ச் அடைப்பு காதுக் குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி இருக்க வேண்டும். சிலிக்கோன் இறுகும் வரை வாயை அகலத் திறந்து வைக்கச் சொல்ல வேண்டும். வாயை மூடியபடி எடுத்த அச்சில் செய்த மோல்ட், சோறு மெல்லும்போது தாடை அசைந்து இடைவெளி விட்டுக் கூவும். வெளியே எடுத்த அச்சில் குமிழோ மடிப்போ இருந்தால், அதைச் சரிப்படுத்தி அனுப்புகிறோம் என்று சொல்ல விடாதீர்கள், புதிதாக எடுக்கச் சொல்லுங்கள். அக்ரிலிக் மோல்ட் நீண்ட நாள் உழைக்கும், ரியூப் நன்றாக ஒட்டும். மென் சிலிக்கோன் இறுக்கமாகப் பொருந்தும். காற்றுத் துளை இந்த அளவு செவிப்புலனுக்குத் தேவையில்லை. அமுக்கமாக இருந்தால் 1 மில்லிமீற்றருக்குக் குறைந்த ஒரு துளை போதும். தடித்த சுவருள்ள ரியூப் கேளுங்கள். அது மஞ்சளாகி விறைத்தால் மாற்ற வேண்டும், மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருதடவை.

கருவி கூவினால் உடனே கருவியைக் குறை சொல்ல வேண்டாம். ரியூபைக் கருவியின் கொக்கியிலிருந்து (காதுக்கு மேல் வளையும் பகுதியிலிருந்து) கழற்றி, கொக்கியின் ஓட்டையை விரலால் இறுக அடைத்துச் சத்தத்தைக் கூட்டுங்கள். அப்போதும் கூவினால் கருவியில் அல்லது கொக்கியில் பழுது. நின்றுவிட்டால் ரியூபைத் திரும்ப மாட்டி, மோல்டின் காதுக்குள் போகும் ஓட்டையைப் பெருவிரலால் அடையுங்கள். கூவினால் ரியூபில் வெடிப்பு. அதுவும் இல்லை, காதில் போட்டால் மட்டும்தான் கூவுகிறது என்றால் மோல்ட் பொருந்தவில்லை, அல்லது காதில் குறும்பி அடைத்திருக்கிறது.

இரண்டு கருவியை நியாயமாக ஒப்பிடும் முறை

சத்தம் கூடியது எதுவோ அதுதான் நல்லது என்று முதல் ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் தோன்றும். ஆகவே இரண்டையும் ஒரே மோல்டில், ஒரே இலக்குக்கு செட் பண்ணிய பிறகே பேச்சு. இதற்குக் காதுக் குழாய்க்குள் மெல்லிய சிலிக்கோன் குழாய் ஒன்றை விட்டு, செவிப்பறைக்குப் பக்கத்தில் உண்மையாக விழும் சத்தத்தை அளக்கும் முறை உண்டு. ரியல் இயர் அளவீடு என்பார்கள். ஓடியோகிராமை வைத்து எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கணக்கிடும் என்.ஏ.எல். அல்லது டி.எஸ்.எல். சூத்திரம் தரும் இலக்குக் கோட்டுக்குப் பக்கத்தில் கருவியின் கோடு வருகிறதா என்று திரையில் நீங்களே பார்க்கலாம். "அது இங்கே இல்லை, கம்பியூட்டர் தானாகப் போடும்" என்று சொல்லும் இடத்தில் இவ்வளவு விலையுள்ள கருவியை வாங்குவது அவரவர் விருப்பம். நாமென்றால் வாங்கமாட்டோம்.

பிறகு வீட்டார் செய்யக்கூடிய பரிசோதனை. முதலில் ஒரு மீற்றர், அடுத்து மூன்று மீற்றர் தள்ளி நில்லுங்கள். உதடு தெரியாமல் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று ஒழுங்கு மாற்றிச் சொல்லுங்கள். கேட்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ம்-உம் ஊ-வும் தவறினால் தாழ்ந்த அலைவரிசையில் குறை. ஷ்-உம் ஸ்-உம் தவறினால் உயர்ந்த பக்கத்தில் குறை. உயர் ஒலிகளைக் கீழே இறக்கித் தரும் வசதியை (போனாக்கில் சவுண்ட்ரிக்கவர், ஒட்டிகொனில் ஸ்பீச் ரெஸ்கியூ) போட்டிருந்தால், இரண்டும் கேட்பது மட்டும் போதாது. ஷ் வேறு, ஸ் வேறு என்று பிரித்துச் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் இறக்கம் கூடிவிட்டது.

அடுத்து சொற்கள்: கட்டு, தட்டு, பட்டு, கால், பால், வால், மாடு, நாடு, வீடு. இருபது சொல் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு கருவிக்கும் ஒழுங்கை மாற்றிச் சொல்லி மதிப்பெண் போடுங்கள். சத்தம் கூடிய கருவி இதில் தோற்பது சகஜம்.

கிளினிக் அறையின் அமைதியில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். பரீட்சார்த்தமாகக் கொண்டுபோகத் தருவார்களென்றால் வாங்கி, சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஓடும் அறையில் பேசிப் பாருங்கள். கொழும்பின் காலி வீதியில் பஸ் ஹோர்ன் அடிக்கும்போதும், கோயிலில் மணியும் தவிலும் சேரும்போதும் முகம் சுளித்துக் கருவியைக் கழற்றுகிறாரா என்று கவனியுங்கள். கழற்றினால் உச்ச அளவைக் குறைக்க வேண்டும். முழுச் சத்தத்தையும் குறைத்துவிட்டால் பேச்சும் போய்விடும். போனையும் மறக்க வேண்டாம். நைடா பரடைஸ் சாதாரண புளூடூத்தில் எந்தப் போனோடும் இணையும். எக்ஸீட் ஐபோனோடு நேரே இணையும், அன்ட்ரொயிட்டுக்கு இடையில் கனெக்ட்கிளிப் என்ற துணைக்கருவி வேண்டும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் வட்ஸ்அப் அழைப்புத்தான் ஒருவரின் அன்றாடத் தேவை என்றால் இது சின்ன விஷயமல்ல.

பல வருடம் பழைய கருவி போட்டவர் "புதுசுல சத்தமே இல்ல" என்பார். பழையது எல்லாச் சத்தத்தையும் ஒரேயளவு கூட்டியது, புதியது உரத்ததைக் குறைவாகக் கூட்டும். ஓடியோலொஜிஸ்டிடம் (செவிப்புலன் நிபுணரிடம்) சொன்னால் பழையதை ஒட்டிய ஒரு புரோகிராம் போட்டுத் தந்து, சில வாரங்களில் மெல்ல மாற்றுவார். பழைய கருவியை அதுவரை வீசாமல் வையுங்கள்.

கொழும்பு ஈரப்பதம்

வியர்வையும் கடற்காற்றும் பற்றரித் தகட்டை அரிக்கும். ஐ.பி. 68 (தூசும் நீரும் புகாத தரம்) என்று போட்டிருந்தாலும் ரியூபுக்குள் சேரும் நீர்த்துளியை அது தடுக்காது. ஒரு துளி போதும், சத்தம் விட்டு விட்டு வரும். ரியூபைக் கழற்றி, கையால் அமுக்கும் சிறு ஊதியால் ஊதுங்கள். இரவில் பற்றரியை வெளியே எடுத்து, கருவியை மட்டும் சிலிக்கா ஜெல் டப்பாவில் பற்றரிக் கதவு திறந்தபடி வையுங்கள். வெயிலிலோ ஹெயார் டிரையரிலோ காயவைக்கக் கூடாது.

பில் போடுமுன்

மோல்ட் விலைக்குள் அடங்குமா, சரிவராவிட்டால் திரும்பச் செய்து தருவார்களா, செட்டிங் மாற்ற எத்தனை தடவை இலவசம், திருத்தம் போகும் நாட்களில் மாற்றுக் கருவி தருவார்களா, வேறு கிளினிக்கில் செட் பண்ண முடியாதபடி மென்பொருள் பூட்டியிருக்கிறதா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். பில்லில் சீரியல் இலக்கம் இருக்கட்டும். காசு இடிக்கிறது என்றால் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவி உண்டா என்று விசாரிக்கலாம்.

நல்ல மோல்டோடு, இலக்குக்குச் சரியாக செட் பண்ணிய பிறகும் அமைதியான அறையில் சொற்களில் 60 வீதத்தைத் தாண்டவில்லை என்றால் அடுத்த பவர் மொடலைத் தேட வேண்டாம். இரண்டில் நன்றாகக் கேட்கும் காதின் சராசரிக் குறைவும் 60 டெசிபெலுக்கு மேலிருந்தால், கொக்லியர் இம்பிளான்ட் (சத்திரசிகிச்சை செய்து உட்காதில் வைக்கும் கருவி) பொருந்துமா என்று பார்க்க ஈ.என்.ரி. நிபுணரிடம் அனுப்பச் சொல்லும் கட்டம் அது. போகும்போது ஓடியோகிராம், கருவி போட்டபடி எடுத்த சொல் மதிப்பெண், ரியல் இயர் அளவீட்டுப் பிரதி மூன்றையும் கொண்டுபோங்கள்.