நான்கே லிட்டரில் வீட்டு பீர்

இங்கிலாந்தில் வீட்டு பீர் தயாரிப்புக்கென்று விற்கப்படும் பெட்டிகள் பெரும்பாலும் 23 லிட்டரைக் கணக்கில் வைத்தே அமைந்திருக்கின்றன. அந்த அளவைக் கொதிக்கவைக்கப் பெரிய கொப்பரை, ஆறவைக்கச் செம்புச் சுருள், நிரப்ப நாற்பதுக்கும் மேற்பட்ட அரை லிட்டர் பாட்டில்கள், அவற்றைக் கழுவ ஒரு முழு மாலை என்று வேலை பெருகிக்கொண்டே போகும். அதையே நான்கு லிட்டராகச் சுருக்கிக்கொண்டால், விருந்தாளிகள் வரும்போது சாம்பார் வைக்கும் எட்டு லிட்டர் பாத்திரமும் பாத்திரம் கழுவும் தொட்டியுமே போதும். சுவை சரியில்லாமல் போனாலும் நட்டம் ஏழு பாட்டில்களோடு முடிந்துவிடும்.

இங்கிலாந்தில் சொந்த உபயோகத்துக்கு பீர் தயாரிக்க உரிமம் பெற வேண்டும் என்ற விதி 1963ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. ஆனால் தயாரித்ததை விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம் என்பதால், இந்த முறை சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வசிக்கும், மது அருந்தும் வயதை எட்டியவர்களுக்கு மட்டுமே உரியது.

கடையில் ஐந்து லிட்டர் குடிநீர் பாட்டில் ஒன்று, முளைகட்டிய தானியத்திலிருந்து எடுக்கும் வெளிர்நிற மால்ட் தூள் 500 கிராம், பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவில் ‘கிழக்கு கென்ட் கோல்டிங்ஸ்’ என்ற வகை 15 கிராம், ஏல் எனப்படும் ஆங்கில பீருக்கான உலர் ஈஸ்ட் (நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்) ஒரு பொட்டலம் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளவும். குடிநீர் பாட்டிலை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. குழாய் நீரில் உள்ள குளோரின் பீருக்கு மருத்துவமனை வாடையைத் தந்துவிடும். பாட்டில் நீரில் அந்தத் தொல்லை இல்லை. மேலும், நீரைப் பாத்திரத்தில் ஊற்றிய பிறகு, உட்புறம் சுத்தமாக இருக்கும் அதே பாட்டிலை உடனே மூடி வைத்தால், அதுவே நொதிக்கவைக்கும் கலனாகிவிடுகிறது.

ஐந்து லிட்டர் நீரையும் சூடாக்கி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே மால்ட் தூளைக் கொட்டிக் கலக்க வேண்டும். எரியும் அடுப்பின் மேல் கொட்டினால் தூள் கட்டிகட்டியாகி அடியில் பிடித்துக் கருகும். மீண்டும் அடுப்பில் ஏற்றிக் கொதி வரும் நேரத்தில் பழுப்பு நுரை திடீரென்று எழும். பால் பொங்குவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நுரை அடங்கியதும் 10 கிராம் ஹாப்ஸைப் போட்டு, மூடாமல் ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். இதுதான் கசப்பைத் தருவது. மீதமுள்ள 5 கிராமை வாசனைக்காகக் கடைசி ஐந்து நிமிடங்களில் சேர்க்கலாம். இறக்கும்போது ஏறக்குறைய நான்கு லிட்டர் இருக்கும்.

பாத்திரத்தை மூடி, பனிக்கட்டி போட்ட தொட்டி நீரில் வைத்து, நீரை இரண்டு முறை மாற்றினால் அரை மணி நேரத்துக்குள் கரைசல் 20 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஆறிவிடும். ஆறத் தொடங்கிய கணத்திலிருந்து அதைத் தொடும் கரண்டி, புனல், குழாய் எதுவானாலும் கழுவினால் மட்டும் போதாது, கிருமிநீக்கிக் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். இட்லி மாவைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களே இங்கே நமக்கு எதிரி. ஆகவே மாவு அரைக்கும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

கரைசலைப் பாட்டிலில் ஊற்றி, காற்று கலக்கும்படி நன்றாகக் குலுக்கி, மூன்று கிராம் ஈஸ்டைத் தூவவும். மூடியில் துளையிட்டு, வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றைத் தடுக்கும் ஏர்லாக் பொருத்தலாம். அது இல்லையென்றால் மூடியைத் தளர்வாகத் திருகி வைக்கலாம். ஒருபோதும் இறுக மூடக் கூடாது. நுரை வழியக்கூடும் என்பதால் தட்டின் மேல் நிறுத்தி, 18 முதல் 20 டிகிரி வரை வெப்பமுள்ள இருட்டான அலமாரியில் இரண்டு வாரம் வைக்கவும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் சேர்மங்கள் சிதைந்து நாற்றம் எடுக்கும்.

குமிழி நின்றுவிட்டது என்பதை நம்பி, ஒருமுறை பத்தாம் நாளிலேயே பாட்டிலில் அடைத்துவிட்டேன். முதல் மூடியைத் திறந்தபோது பாதி பீர் சமையலறைச் சுவரில் இருந்தது. அதன் பிறகு, திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை மட்டுமே நம்புகிறேன். நீரின் அடர்த்தி 1.000 என்று கொண்டால், தொடக்கத்தில் 1.046 அளவில் இருக்கும் அடர்த்தி 1.012 அருகே இறங்கி, மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளும் ஒன்றாக இருந்தால் நொதித்தல் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். அப்போது ஆல்கஹால் ஏறத்தாழ 4.5 சதவீதம் இருக்கும். அளக்க எடுத்த பீரைத் திரும்ப ஊற்றாமல் குடித்துப் பார்ப்பதே முறை.

சிறிய அளவில் எல்லாமே எளிதாகிவிடுவதில்லை. பாட்டிலில் அடைக்கும்போது சேர்க்கும் சர்க்கரையை அளப்பது மட்டும் கடினமாகிறது. வாயு உண்டாவதற்கு லிட்டருக்கு ஆறு கிராம், அதாவது அரை லிட்டர் பாட்டிலுக்கு மூன்று கிராம் வேண்டும். வீட்டுத் தராசில் ஒரு கிராம் பிசகினாலே அந்தப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு கூடியோ குறைந்தோ போகும். அதனால், அடியில் படிந்ததும் அளக்க எடுத்ததும் போக எஞ்சும் மூன்றரை லிட்டர் பீருக்கு 21 கிராம் சர்க்கரையைச் சிறிது நீரில் கொதிக்கவைத்து, கிருமிநீக்கிய பாத்திரத்தில் ஊற்றி, அதன் மேல் பீரைக் குழாய் வழியே சலசலப்பில்லாமல் இறக்கி, மெதுவாகக் கலக்கிய பின் பாட்டில்களில் நிரப்புவதே சரி.

பாட்டில்களுக்கு, குளிர்பானம் வந்த திருகுமூடி பிளாஸ்டிக் பாட்டில்களையே நான் விரும்புகிறேன். அழுத்திப் பார்த்தால், வாயு சேர்ந்து கல்போல் ஆகிவிட்டதா என்று தெரிந்துவிடும். வாயு தாங்காத கண்ணாடி பாட்டில் வெடிப்பதைப் போன்ற ஆபத்தும் இல்லை. இருட்டில், அறை வெப்பத்தில் இரண்டு வாரம் வைத்த பிறகு குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றலாம். ஊற்றும்போது கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, அடியில் படிந்திருக்கும் ஈஸ்ட் கலங்காதபடி, கடைசி ஒரு விரற்கடை பீரைப் பாட்டிலிலேயே விட்டுவிட வேண்டும்.