இங்கிலாந்தின் கிராமத்துப் பப்பில் செய்யக்கூடாதவை

பப் என்றதும் இருட்டும் வண்ண விளக்கும் காதைப் பிளக்கும் பாட்டும்தான் நமக்கு நினைவுக்கு வரும். இங்கிலாந்தின் கிராமத்துப் பப்பில் அவை எதுவும் இருக்காது. பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம்தான் பப்; ஊருக்குப் பொதுவான வீடு. குளிர்காலத்தில் கணப்பில் விறகு எரியும், யாருடைய நாயாவது மேசைக்கடியில் தூங்கும். இந்த வீட்டை ஓட்டலாக நினைப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

உட்கார்ந்துகொண்டு சர்வருக்காகக் காத்திருப்பது அதில் முதலாவது. பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். நாமே கவுன்டருக்குப் போய்க் கேட்டு, காசு கொடுத்து, வாங்கிவர வேண்டும். அங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யார் முன்னால் வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். கையைத் தட்டிக் கூப்பிடாதீர்கள், நோட்டை ஆட்டாதீர்கள். உங்களுக்கு முன் வந்தவரை விட்டுவிட்டு உங்களைக் கேட்டால், "இவர்தான் முதலில்" என்று சொல்லிவிடுங்கள். பேச்சு அங்கேயே ஆரம்பித்துவிடும். அறிமுகமில்லாதவரோடு இயல்பாகப் பேச முடிகிற இடம் அந்தக் கவுன்டர்தான். ஊர்க்காரர்களோடு பழக ஆசைப்பட்டு வந்து, மூலை மேசையில் போய் உட்காருவது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

அடுத்தது ரவுண்ட். நாலு பேர் சேர்ந்து போனால் ஒவ்வொருவராக எல்லோருக்கும் வாங்கித் தருவார்கள். மூன்று பேர் வாங்கித் தந்ததைக் குடித்துவிட்டு, உங்கள் முறை வரும் முன் கிளம்பினால் அது கட்டாயம் மனதில் நிற்கும். சீக்கிரம் போக வேண்டுமென்றால் முதல் ரவுண்டை நீங்களே வாங்கிவிடுங்கள், அல்லது தொடக்கத்திலேயே விலகிக்கொள்ளுங்கள். மது குடிக்காதவர்களும் கூச்சப்படத் தேவையில்லை. லைம் சோடாவோ ஆரஞ்சு ஜூஸோ கேட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

பீர் ஜில்லென்று இல்லையே என்று குறை சொல்லாதீர்கள். கைப்பம்பால் இழுத்து ஊற்றும் ஏல் என்ற பீர் வகை, பீப்பாய்க்குள்ளேயே இன்னொரு முறை நொதித்து முதிர்வது. நிலவறையின் 11 முதல் 13 டிகிரிக் குளிர்ச்சியில்தான் அதன் மணமும் சுவையும் தெரியும். ஒரு பைன்ட் என்பது 568 மில்லி; அதிகமென்றால் அரை பைன்ட் கேளுங்கள். எதை வாங்குவது என்று தெரியாவிட்டால் கொஞ்சம் சுவைத்துப் பார்க்கக் கேட்கலாம். புளித்துப்போயிருந்தால் அமைதியாகச் சொல்லுங்கள், வேறு தருவார்கள்.

சாப்பாட்டு நேரத்தை விசாரிக்காமல் போவதும் தவறு. பல ஊர்களில் மதியச் சமையல் இரண்டு, இரண்டரை மணிக்கே முடிந்துவிடும். திங்கட்கிழமை கதவே திறக்காத பப்களும் உண்டு. ஞாயிறு ரோஸ்ட் என்ற வாட்டிய இறைச்சிச் சாப்பாட்டுக்கு முன்பே மேசை சொல்லி வைப்பது நல்லது.

எளிமையைப் பார்த்து மட்டமான இடம் என்று எடைபோட்டுவிடாதீர்கள். பெர்க்‌ஷயரின் ஆல்ட்வொர்த் கிராமத்தில் உள்ள 'தி பெல்', ஒரே குடும்பம் 250 ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவரும் சின்னப் பப். 1971இல் தொடங்கிய காம்ரா என்ற ஏல் ஆர்வலர் அமைப்பு 1990இலும் 2019இலும் நாட்டின் சிறந்த பப்பாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். கம்பிரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட்டில் 2003இல் ஊர்க்காரர்களே பங்கு போட்டுத் தங்கள் 'ஓல்டு க்ரவுன்' பப்பை வாங்கினார்கள்.

அப்புறம், கடைசி ஆர்டருக்கான மணி அடித்ததும் புதிதாக உட்கார இடம் தேடாதீர்கள். காலிக் கிளாஸைக் கவுன்டரில் வைத்து நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கிராமத்துப் பேருந்து மாலையிலேயே நின்றுபோயிருக்கும்; குடித்திருந்தால் வண்டியைத் தொடாமல் இருக்க, டாக்சியை முன்பே சொல்லி வையுங்கள்.