பிர்ச் மரச்சாற்றில் வீட்டு ஒயின்: முதல்முறை செய்பவர்களுக்கு

குளிர்நாடுகளில் வளரும் பிர்ச் மரத்தில் வடியும் சாறு பார்க்கத் தண்ணீர் போல இருக்கும்; குடித்தாலும் ஏறக்குறையத் தண்ணீர்தான். அதில் சர்க்கரை 1 சதவீதம் அளவுக்கே உண்டு. பனை, தென்னைப் பாளையில் இறங்கும் சாற்றில் 10 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் அது தானாகவே பொங்கிவிடும். பிர்ச் சாற்றை அப்படி விட்டுவைத்தால் கெட்டுத்தான் போகும். ஆக, இந்த ஒயினின் ஆல்கஹால் நாம் போடும் சர்க்கரையிலிருந்து வருகிறது. மெல்லிய மர வாசனை மட்டும்தான் சாற்றின் பங்கு. அதை அமுக்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். மரம் உங்களுடையதாக இருக்க வேண்டும், அல்லது உரிமையாளரிடம் கேட்டிருக்க வேண்டும். சொந்தத் தேவைக்கு வீட்டில் ஒயின் செய்வதைப் பல நாடுகள் அனுமதிக்கின்றன, சில இடங்களில் அதற்கும் தடை உண்டு. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாறு எடுப்பது

குளிர்காலம் முடிந்து இலை துளிர்ப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்கள்தான் பருவம். மொட்டு விரிந்துவிட்டால் சாறு கலங்கிக் கசக்கும், அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

அடிமரம் குறைந்தது 25 செ.மீ. விட்டம் இருக்கட்டும். இடுப்பு உயரத்தில், 8 மி.மீ. டிரில் பிட்டால், உள்நோக்கிச் சற்றே மேலே ஏறும்படி 3 முதல் 4 செ.மீ. ஆழம் துளையுங்கள். அந்தச் சாய்வு இருந்தால்தான் சாறு தேங்காமல் வெளியே வரும். துளையில் சிறு குழாயை இறுகச் செருகி, அதிலிருந்து ஒரு டியூபை மூடியுள்ள கேனுக்குள் விடுங்கள். திறந்த வாளி வைத்தால் பூச்சியும் பட்டைத் தூளும் விழும்.

ஒரு மரத்துக்கு ஒரு துளை போதும். நன்றாக ஓடும் நாளில் சில லிட்டர் கிடைத்துவிடும். தேவையானது சேர்ந்ததும் குழாயை எடுத்துவிடுங்கள். சிலர் துளையில் மர ஆப்பு அடிப்பார்கள். நான் அடிப்பதில்லை, மரம் தானே மூடிக்கொள்ளும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் துளைக்க வேண்டாம்.

சாற்றை அன்றன்றே ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் வேலையைத் தொடங்க முடியாவிட்டால் ஃபிரீசருக்கு மாற்றிவிடுவது நல்லது.

தேவையானவை

சாறு 4 லிட்டர், வெள்ளைச் சர்க்கரை 900 கிராம், இரண்டு எலுமிச்சைச் சாறு, பால் சேர்க்காத கடுந்தேநீர் ஒரு கப், ஒயின் ஈஸ்ட் 5 கிராம், ஈஸ்ட் ஊட்டச்சத்துத் தூள் ஒரு டீஸ்பூன் (பொட்டலத்தில் வேறு அளவு இருந்தால் அதன்படி). சாற்றில் புளிப்பு கிடையாது, அதற்கு எலுமிச்சை. துவர்ப்புக்குத் தேநீர். ஊட்டச்சத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்: இந்தச் சாற்றில் ஈஸ்ட்டுக்கு வேண்டிய நைட்ரஜன் மிகக் குறைவு, பட்டினி கிடந்தால் அது அழுகிய முட்டை நாற்றத்தைக் கிளப்பும்.

செய்முறை

சாற்றில் படப்போகும் எல்லாப் பாத்திரத்தையும் கழுவி, ஒயின் செய்வோர் பயன்படுத்தும் கிருமிநீக்கியில் அலசுங்கள். இதில் சோம்பல் வேண்டாம்.

சாற்றில் சர்க்கரையைப் போட்டு, கொதி வருவதற்குச் சற்று முன்பான சூட்டில் பத்து நிமிடம் வையுங்கள். தளதளவெனக் கொதிக்கவிட்டால் இருக்கிற வாசனையும் போய்விடும். கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே, 20 முதல் 25 டிகிரி செல்சியஸுக்கு ஆறியதும் எலுமிச்சை, தேநீர், ஊட்டச்சத்து சேர்த்து ஹைட்ரோமீட்டரை (தண்ணீரை 1.000 என்று வைத்து, திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி) மிதக்கவிடுங்கள். 1.075-ஐ ஒட்டிக் காட்டினால் சரி. கடைசியில் 10, 11 சதவீத ஆல்கஹால் வரும். அப்புறம் ஈஸ்ட்டைத் தூவுங்கள்.

முதல் நான்கைந்து நாள் சுத்தமான துணியால் மூடிய வாளியில் இருக்கட்டும், தினமும் ஒருமுறை கிளறுங்கள். நுரை அடங்கியதும் 5 லிட்டர் கண்ணாடி ஜாருக்கு மாற்றி ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத சிறு அடைப்பு) பொருத்தி, 18 முதல் 22 டிகிரியில் வெயில் படாமல் வையுங்கள்.

குமிழி நின்றுவிட்டது என்பதற்காகப் பாட்டிலில் அடைக்கக் கூடாது. ஹைட்ரோமீட்டர் 1.000-க்குக் கீழே போய், மூன்று நாள் இடைவெளியிலும் அதே எண்ணைக் காட்ட வேண்டும். இதற்குச் சில வாரம் பிடிக்கும். நொதித்தல் முடியாமல் அடைத்தால் வாயு அழுத்தத்தில் பாட்டில் வெடிக்கும், கண்ணாடித் துண்டு கண்ணில் பட்டால் விபரீதம்.

முடிந்ததும் அடியில் படிந்த மண்டியைக் கலக்காமல் டியூப் வழியாக வேறு ஜாருக்கு இறக்குங்கள். ஓரிரு மாதத்தில் தெளியும். இன்னொரு முறை இறக்கிப் பாட்டிலில் நிரப்பலாம். வினிகர் வாடை அடித்தால் குடிக்கும் ஒயினாக அதைத் திருத்த வழியில்லை.

புதிதாகக் குடித்தால் சற்றுக் கரடுமுரடாக இருக்கும், ஆறு மாதம் விட்டால் மென்மையாகிவிடும். இனிப்பு வேண்டுமென்றால் பாட்டிலில் சர்க்கரை போடாதீர்கள், மறுபடி நொதிக்கும். குடிக்கும்போது கிளாஸில் கொஞ்சம் சர்க்கரைப் பாகு சேர்த்துக்கொள்ளுங்கள்.