இங்கிலாந்தில் வாடகை டெபாசிட்: சாவி வாங்கும் நாளிலேயே தொடங்கும் வேலை

சென்னையில் வாடகைக்கு இருந்து பழகியவர்களுக்கு ஒரு கணக்கு மனதில் இருக்கும். அட்வான்ஸ் என்றால் பத்து மாத வாடகை, காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடித்தம், மிச்சம் ஓனரின் மனசைப் பொறுத்தது. இங்கிலாந்துக்கு வந்ததும் அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். டெபாசிட் கடைசிவரை உங்கள் பணம்தான். அதில் ஒரு பவுண்டு பிடிக்க வேண்டுமென்றாலும் காரணத்தை நிரூபிக்க வேண்டியவர் வீட்டுக்காரர்.

முதலில் தொகை. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. 2019 ஜூனிலிருந்து இதுதான் சட்டம். மாத வாடகை 1,300 என்றால் 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுங்கள். வாரத்துக்கு 300 வரும், டெபாசிட் 1,500-ஐத் தாண்டக் கூடாது.

அந்தப் பணத்தை வாங்கிய 30 நாளுக்குள் வீட்டுக்காரர் அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றில் பாதுகாத்து, அதற்கான விவரத்தையும் உங்களுக்குக் கொடுத்தாக வேண்டும். மூன்று திட்டங்கள் உள்ளன: டெபாசிட் ப்ரொடெக்‌ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம். கடிதம் எதுவும் வரவில்லையா? மூன்றின் இணையதளத்திலும் நீங்களே தேடிப் பாருங்கள். எதிலும் இல்லையென்றால் நீதிமன்றம் போகலாம். டெபாசிட்டைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை உங்களுக்குக் கொடுக்கச் சொல்லி வீட்டுக்காரருக்கு உத்தரவிட முடியும். இதை மரியாதையாக ஒரு மின்னஞ்சலில் நினைவுபடுத்தினாலே பலர் இறங்கி வந்துவிடுவார்கள்.

ஆனால் நம்மவர்கள் பலர் வந்ததும் தங்குவது லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ ஒரு தமிழர் வீட்டு அறையில். வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்தால் இந்தப் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக உங்களுக்குப் பொருந்தாது. அங்கே ஆதாரம் ஒன்றுதான் துணை. “நம்ம ஊர் அண்ணன்தானே, ரசீது எப்படிக் கேட்பது” என்று கூச்சப்படாதீர்கள். கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பி, குறிப்பில் ‘டெபாசிட்’ என்று எழுதுங்கள். அண்ணனும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போது முக்கியமான வேலை. சாவி வாங்கிய அன்றே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன், வீடு முழுக்கப் படம் எடுங்கள். கார்ப்பெட் கறை, ஓவனின் உட்புறம், ஜன்னல் ஓரத்துப் பூஞ்சை, மெத்தையின் அடிப்பக்கம் எதையும் விடாதீர்கள். ஏஜென்ட் தரும் இன்வென்டரியில், அதாவது வீட்டுப் பொருட்களையும் அவற்றின் நிலையையும் குறித்த பட்டியலில், ‘நல்ல நிலை’ என்று மொத்தமாக எழுதியிருப்பார்கள். தவறானதைத் திருத்தி, படங்களோடு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

என் முதல் வீட்டில் இதைச் செய்யச் சோம்பல்பட்டேன். காலி செய்யும்போது படுக்கையறைக் கார்ப்பெட்டுக்கும் சமையலறை வொர்க்டாப்புக்கும் (சமையல் மேடையின் மேற்பரப்பு) சேர்த்து 600 பவுண்டு கேட்டார் வீட்டுக்காரர். வொர்க்டாப்பில் இருந்தது என் மஞ்சள் கறை; அதை மறுக்க முடியாது. கார்ப்பெட்டோ நான் வரும்போதே நைந்துபோனது, ஆனால் காட்ட ஒரு படமில்லை. நல்ல வேளையாக அவரிடமும் பழைய படமோ கார்ப்பெட் வாங்கிய ரசீதோ இல்லை. தகராறு டெபாசிட் திட்டத்தின் நடுவரிடம் போனது. அவர் வீட்டுக்காரருக்குக் கார்ப்பெட்டுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, கறைக்கு மட்டும் 90 பவுண்டு பிடித்தார்.

புழங்கப் புழங்க வரும் தேய்மானத்துக்குப் பணம் பிடிக்க முடியாது. பழைய பொருளுக்குப் புதியதன் விலையும் கேட்க முடியாது. அதேசமயம் வந்தபோது வீடு எவ்வளவு சுத்தமாக இருந்ததோ அவ்வளவு சுத்தமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுப்புக்கு மேலிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு தேய்மானம் ஆகாது, சரியா?

தகராறு வந்தால் நேரில் கத்தாதீர்கள், எல்லாவற்றையும் எழுத்தில் பேசுங்கள். எதை ஒப்புக்கொள்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள். தகராறில்லாத தொகையை உடனே கேட்டு வாங்கலாம். இரு தரப்பும் சம்மதித்தால் திட்டத்தின் நடுவர் தீர்ப்பு இலவசம். வாதத்திறமையை அவர் பார்க்க மாட்டார், படங்களையும் தாள்களையும்தான் பார்ப்பார். ஆலோசனைக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஷெல்டர் ஆகிய தொண்டு அமைப்புகள் காசு கேட்காது.

எப்படியும் டெபாசிட் திரும்பாது என்று கடைசி மாத வாடகையை நிறுத்தும் யோசனையைச் சொல்ல ஒரு நண்பர் கட்டாயம் இருப்பார். கேட்காதீர்கள், அது வாடகை பாக்கியாகி, அடுத்த வீட்டுக்குக் கேட்கும் ரெஃபரன்ஸையும் (பழைய வீட்டுக்காரர் தரும் நற்சான்று) கெடுத்துவிடும். அப்புறம், வீடு காலி செய்த பிறகு புகாரை ஆறப்போடாதீர்கள். திட்டங்கள் காலக்கெடு வைத்திருக்கின்றன, மூன்று மாதத்துக்குள் பதிவு செய்துவிடுவது நல்லது.