டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு வீடு மாற்றம்: முதல் இரவுப் பெட்டியும் மீட்டர் எண்ணும்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எட்டு வருஷம் இருந்துவிட்டு, போன ஜூன் கடைசியில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவுக்குக் குடிபோனோம். ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று ஊரிலிருந்து அம்மா தினமும் போன் செய்துகொண்டிருந்தார். அறை அறையாகக் கட்டு, பெட்டி மேல் பெயர் எழுது, கனமானதை அடியில் வை என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். நான் எழுத வந்தது போய்ச் சேரும் முதல் இரவைப் பற்றி. எங்களுக்கு அந்த இரவு விளக்கு எரியாமல், சுடுதண்ணீர் இல்லாமல், பால் பொங்காமல் கழிந்தது. முதன்முறை வீடு மாறுகிற யாருக்கும் அப்படி நேரக் கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

படி 1: காகிதங்கள் (மூன்று வாரம் முன்பே)

ஒரே ஒரு ஜிப் வைத்த பை எடுத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, பாஸ்போர்ட், விசா, திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிக் கையேடு, பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், கடைசி ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, இரண்டு வீட்டு வாடகை ஒப்பந்தமும் அதற்குள். புதுப் பள்ளியில் தடுப்பூசிக் கையேட்டையும் மாற்றுச் சான்றிதழையும்தான் முதலில் கேட்பார்கள். வங்கியில் மூன்று மாதத்துக்குள்ளான முகவரிச் சான்று கேட்பார்கள், அதனால் புது ஒப்பந்தத்தின் நகல் கையோடு இருக்கட்டும். இந்தப் பை எந்தப் பெட்டிக்குள்ளும் போகக் கூடாது. என் தோளில்தான் தொங்கியது.

வாடகை வீடு என்றால் இன்னொன்று. 1999ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி, குடிவரும்போதும் காலி செய்யும்போதும் வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். காலி செய்யும்போது பார்ப்பது ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நடக்க வேண்டும். சேதம் எதுவும் இல்லை, பாக்கியும் இல்லை என்றால் முன்பணம் வட்டியோடு ஏழு நாளில் திரும்பி வரவேண்டும். பழுதுச் செலவைக் கழிக்க வேண்டியிருந்தால், வீட்டை ஒப்படைத்து 14 நாளுக்குள் மீதி வரவேண்டும். சாமான் ஏற்றுகிற அவசரத்தில் இதை விட்டுவிடாதீர்கள். சுவர், தரை, அலமாரிக் கதவு, குளியலறைக் குழாய் என்று எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டோம், புது வீட்டிலும் அப்படியே.

படி 2: முதல் இரவுப் பெட்டி

மூடி போட்ட, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்குங்கள். அட்டைப்பெட்டி வேண்டாம். பழக்கடையில் சும்மா கிடைக்கும் வாழைப்பழப் பெட்டி துணிக்கும் புத்தகத்துக்கும் நல்லதுதான், ஆனால் அடியில் ஓட்டை இருக்கும், சின்னச் சாமான் நழுவிவிடும். 

உள்ளே: ஒரு பால் பாத்திரம், ஒரு சின்னக் குக்கர், கரண்டி, ஆளுக்கொரு தட்டும் டம்ளரும், கத்தி, அரிசி ஒரு கிலோ, பருப்பு, உப்பு, மஞ்சள், சீனி, டீத்தூள், ஊறுகாய் கொஞ்சம். சோப்பு, டாய்லெட் பேப்பர், இரண்டு துண்டு, துடைக்கத் துணி, குப்பைப் பை. சார்ஜ் ஏற்றிய விளக்கு இரண்டு, போன் சார்ஜர், எக்ஸ்டென்ஷன் வயர், ஸ்க்ரூடிரைவர், பழுப்பு டேப், தீப்பெட்டி. நான்கு ஏஏ பேட்டரி, அது எதற்கு என்று கீழே சொல்கிறேன். மாத்திரைகள். கட்டில் பிரித்த ஸ்க்ரூக்களை ஒரு சின்னப் பையில் போட்டு இதிலேயே வையுங்கள், கட்டிலோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அப்புறம் காமாட்சி விளக்கு, திரி, நல்லெண்ணெய், கற்பூரம்.

இவ்வளவும் ஒரு வாரம் முன்பே நான் ஒழுங்காக அடுக்கி, நாலு பக்கமும் பெரிதாக எழுதியும் வைத்தேன். ஏற்றுகிற பையன்கள் முதலில் கண்ணில் பட்ட பெட்டியை முதலில் ஏற்றினார்கள். அது லாரியின் உள்கோடிக்குப் போய்விட்டது. நாங்கள் பிடித்தது பகிர்வு லாரி, இன்னொரு குடும்பத்துச் சாமானும் அதில் இருந்தது. மறுநாள் காலை வரும் என்றார்கள், மூன்றாம் நாள் மாலைதான் வந்தது.

ஆகவே முதல் இரவுப் பெட்டி உங்களோடு காரில் வரவேண்டும். லாரி வருவதற்கு முன்பே காருக்குள் ஏற்றி, காரைப் பூட்டிவிடுங்கள். ஆளுக்கொரு போர்வையும் தலையணையும் அதன் மேல். காரில் இடம் போதாது என்றால் துணிப் பெட்டியை இறக்குங்கள், இதை இறக்காதீர்கள். லாரி பிடிக்கும்போது முழு லாரியா பகிர்வா, எந்தத் தேதிக்குள் சேரும், வழியில் உடைந்தால் காப்பீடு யாருடையது என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு ஆயா இதை எனக்கு வேறு விதமாகச் சொல்லியிருந்தார், நான்தான் காதில் வாங்கவில்லை. 1960களில் மேகசின் பாரக்ஸ் குடியிருப்பிலிருந்து நகராட்சித் தொழிலாளர் குடும்பங்களை எல்லாம் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றியபோது ஆயா புதுப்பெண். கட்டில், பீரோ, கோழிக்கூண்டு எல்லாம் லாரியில் போக, மாமியாரின் காமாட்சி விளக்கை மட்டும் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாராம். "லாரி எப்போ வந்தாலும் வரட்டும், வெளக்கு நம்ம கையில இருக்கணும் கண்ணு" என்றார். அவர்கள் விரும்பி மாறிய வீடு இல்லை அது. இருந்தும் போன அன்றே விளக்கு ஏற்றியிருக்கிறார்.

படி 3: மின்சார மீட்டர் (இதைத் தாண்டிப் போகாதீர்கள்)

இங்கே பெரும்பாலான வீடுகளில் பிரீபெய்டு மீட்டர்தான். கடையிலோ போனிலோ பணம் கட்டினால் 20 இலக்க டோக்கன் எண் வரும், அதை மீட்டரில் அழுத்தினால் யூனிட் ஏறும். சாட்ஸ்வொர்த்தில் எட்டு வருஷம் இதைத்தான் செய்தேன், அதனால் புது வீட்டிலும் அப்படியே இருக்கும் என்று எதுவுமே விசாரிக்கவில்லை.

லெனேசியா போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்தரை. விளக்கு எரிந்தது. குழந்தைகள் குளிக்கட்டும் என்று கீசரைப் போட்டேன். வீட்டிலேயே அதிகம் மின்சாரம் இழுப்பது கீசர்தான். முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன சில யூனிட்டுகளும் கரைந்து, ஏழரைக்கெல்லாம் இருட்டு. சரி, டோக்கன் வாங்கலாம் என்றால் மீட்டர் எண் தெரியவில்லை. மீட்டர் வெளியே கம்பத்தில், பூட்டிய பெட்டிக்குள். எண்ணை அழுத்துகிற கீபேட் மட்டும் வீட்டுக்குள் தனியாக இருக்க வேண்டிய வகை அது. சுவரில் அதை மாட்டுகிற கொக்கி இருந்தது, கீபேட் இல்லை. முன்பு குடியிருந்தவர்கள் டிவி ரிமோட்டுகளோடு சேர்த்து அதையும் கட்டி எடுத்துப் போயிருந்தார்கள். வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. இங்கே ஜூன் குளிர்காலம். ஹைவெல்ட் என்கிற இந்த மேட்டுநிலத்துக் குளிரில், காரில் இருந்த ஒரே போர்வையில் இரண்டு குழந்தைகளைச் சுற்றிப் படுக்க வைத்தேன். மறுநாள் மதியம்தான் கீபேட் திரும்பி வந்தது.

சாவி வாங்குகிற நாளுக்கு முன்பே வீட்டுக்காரரிடம் இவற்றைக் கேளுங்கள், அவர் சொல்வதைப் போனில் எழுதி வையுங்கள்.

மீட்டர் எண் என்ன? பொதுவாக 11 இலக்கம். பழைய டோக்கன் ரசீது ஒன்றின் போட்டோ கிடைத்தால் இன்னும் நல்லது, எண் அதிலேயே அச்சாகியிருக்கும்.

மீட்டர் எங்கே இருக்கிறது, பெட்டிச் சாவி யாரிடம், கீபேட் தனியா சேர்ந்ததா? தனி என்றால், வீட்டைச் சுற்றிப் பார்க்கும் அன்றே அது கையில் வரவேண்டும். சேதப் பட்டியல் எழுதும் காகிதத்தில் "கீபேட் 1" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பேட்டரியில் ஓடும் கீபேடாக இருந்து பேட்டரி தீர்ந்திருந்தால் டோக்கன் கையில் இருந்தும் பயனில்லை. முதல் இரவுப் பெட்டியில் ஏஏ பேட்டரி அதற்குத்தான். வேறு அளவு என்றால் கேட்டு வாங்கி வையுங்கள்.

டோக்கனை விற்பது நகராட்சியா, தனியார் நிறுவனமா? சுற்றுமதில் போட்ட குடியிருப்புகளில் தனியார் துணை மீட்டர் வைத்திருப்பார்கள். அதற்கு அந்த நிறுவனத்தின் ஆப்பிலோ தளத்திலோதான் வாங்க வேண்டியிருக்கும், அதில் பதிவுசெய்ய ஒரு நாள் ஆகலாம்.

இந்த மூன்றும் கையில் வந்ததும், போவதற்கு முன்பே சின்னத் தொகைக்கு ஒரு டோக்கன் வாங்கி, சாவி வாங்குகிற அன்று அழுத்திப் பாருங்கள். யூனிட் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகு கீசரைப் போடுங்கள்.

படி 4: அடுக்களை

கிரைண்டரை அப்படியே பெட்டியில் இறக்காதீர்கள். குழவிக் கற்களை வெளியே எடுத்து ஒவ்வொன்றையும் தனித் துண்டில் சுற்றி வேறு பெட்டியில் வையுங்கள். உள்ளேயே விட்டால் லாரி குலுங்குகிற குலுக்கலில் பாத்திரம் நசுங்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டரில் பெரிய மூன்று முள் பிளக், 16 ஆம்பியர், இருந்தால் இங்குள்ள பழைய சாக்கெட்டுகளில் நேராகப் பொருந்தும். புதிதாகக் கட்டிய வீடுகளில் சின்ன அறுகோணச் சாக்கெட்டும் சேர்ந்து இருக்கும், அதில் போகாது. அடாப்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊறுகாய் விஷயம் டர்பன்காரர்களுக்கு முக்கியம். கடற்கரையிலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறோம். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், டர்பன் காற்றோடு மூடிய பாட்டில் உள்ளிருந்து தள்ளும். சிப்ஸ் பாக்கெட் பலூன் போல உப்புவது அதனால்தான், ஊறுகாய் எண்ணெய் மூடி வழியாகக் கசிவதும் அதனால்தான். பாட்டிலை விளிம்பு வரை நிரப்பாதீர்கள், மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக்குங்கள், நிமிர்த்தி வையுங்கள், வழியில் நிற்கும்போது ஒருமுறை மூடியைத் தளர்த்தி மறுபடி மூடுங்கள்.

அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். முதல் பெட்டியில் குக்கர் எழுதியிருப்பது அதற்காக. 

கண்ணாடிச் சாமானுக்குக் குமிழித்தாள் வாங்காமல் பழைய வேட்டியும் நைந்த பருத்திப் புடவையும் சுற்றினேன். ஒரு டம்ளர்கூட உடையவில்லை, போய்ச் சேர்ந்ததும் அவையே துடைக்கிற துணியும் ஆயின.

படி 5: பாதை

என்3 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர், நின்று நின்று போனால் ஏழு மணி நேரம். பகலில் சேருவது போலக் கிளம்புங்கள், இருட்டில் மீட்டர் பெட்டி தேடக் கூடாது. குளிர்காலம் என்றால் வான் ரீனன் கணவாயை மனதில் வையுங்கள். 2024 செப்டம்பரில் அங்கே பனி கொட்டி நெடுஞ்சாலையே மூடப்பட்டது, எத்தனையோ பேர் இரவு முழுக்கக் காருக்குள் மாட்டிக்கொண்டார்கள். ஆகவே போர்வை, ஐந்து லிட்டர் தண்ணீர், புளிசாதம் இவையெல்லாம் டிக்கியில் அடியில் போகாமல் கை எட்டுகிற இடத்தில்.

படி 6: போய்ச் சேர்ந்ததும்

முதலில் மீட்டர். அப்புறம் மெயின் ஸ்விட்ச், தண்ணீர் மூடுகிற வால்வு எங்கே என்று பார்த்து வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். பிறகு குழந்தைகள் படுக்க ஒரு அறையை மட்டும் பெருக்கித் துடையுங்கள். மற்ற பெட்டி எதையும் அன்று பிரிக்க வேண்டாம். விளக்கு ஏற்றி, பால் காய்ச்சி, எல்லோரும் குடித்துவிட்டுப் படுங்கள்.

எங்களுக்குப் பால் பொங்கியது மறுநாள் மாலை. அதுவும் எதிர்வீட்டு அம்மா கொடுத்த பாத்திரத்தில், அவர் தட்டில் வைத்துக் கொண்டுவந்த அகல் விளக்கின் முன்னால். அந்தப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

பின்னர் சேர்த்தவை

பெனோனியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார்: மீட்டர் எண் சரி, கீபேட் இருக்கிறது, டோக்கனை மட்டும் மீட்டர் ஏற்க மறுக்கிறது. வீடு ஒரு வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடந்ததாம். காரணம் இது: பிரீபெய்டு மீட்டர்கள் எல்லாம் 2024 நவம்பர் 24க்குள் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. அதற்கென்று இரண்டு தனி 20 இலக்க எண்கள் தருவார்கள், அவற்றை வரிசை மாறாமல் அழுத்திய பிறகுதான் புது டோக்கன் ஏறும். பூட்டிக் கிடந்த வீட்டில் அதை யாரும் செய்திருக்க மாட்டார்கள். டோக்கன் விற்பவரிடம் அந்த இரண்டு எண்களைக் கேளுங்கள். அவற்றையும் மீட்டர் ஏற்கவில்லை என்றால் மீட்டரையே மாற்ற வேண்டியிருக்கும், வீட்டுக்காரரிடம் குடிபோவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

கேஸ் சிலிண்டரைப் பற்றி மூன்று பேர் கேட்டார்கள். ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் சிலிண்டரைத் தொட மாட்டார்கள். மூடிய காரில் குழந்தைகளோடு ஏழு மணி நேரம் அதை வைத்துக்கொண்டு போகாதீர்கள். முன்பணம் கட்டிய ரசீது இருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்குங்கள், இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கொடுங்கள். எங்கள் 9 கிலோ சிலிண்டர் ஆயா வீட்டில் இருக்கிறது.

எதிர்த்திசையில், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகிறவர்களுக்கு: பாட்டில் கசியாது, ஈரப்பதம்தான் கவலை. பட்டுப்புடவை, போட்டோ ஆல்பம், அப்பளம் மூன்றையும் காற்றுப் புகாமல் மூடி மேல் அலமாரியில் வையுங்கள். முதல் மாவு அரைக்கும்போது பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம். இங்கே குளிரில் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து புளிக்கிற மாவு, டிசம்பர் டர்பனில் விடிவதற்குள் மேடையெல்லாம் வழிந்திருக்கும்.