மின்சார காரில் டேஷ்கேம்: காரின் தூக்கத்தைக் கெடுக்கும் தவறுகள்

மின்சார கார் வைத்திருப்பவர்களிடம் டேஷ்கேம் (முன்கண்ணாடியில் ஒட்டி, சாலையைப் பதிவு செய்யும் கேமரா) பற்றிப் பேச்செடுத்தால் பலரும் சொல்வது ஒன்றுதான்: "கீழே அவ்வளவு பெரிய பேட்டரி இருக்கே, ஒரு கேமரா எவ்வளவு இழுத்துவிடப் போகிறது?" பெரும்பாலான தவறுகள் இந்த நினைப்பில்தான் தொடங்குகின்றன. காரைப் பூட்டிவிட்டுப் போன பிறகு கேமராவுக்குச் சோறு போடுவது அந்தப் பெரிய பேட்டரி அல்ல.

பூட்டு, விளக்கு, திரை, கணினிகள் எல்லாம் மின்சார காரிலும் தனியாக உள்ள 12 வோல்ட் பேட்டரியில்தான் ஓடுகின்றன. எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் வேலை இல்லாததால் அது பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் கான்டாக்டர்கள் மூடுவதற்கும் இதே 12 வோல்ட் வேண்டும். அதனால் இது காலியானால், பெரிய பேட்டரியில் 90 சதவீதம் இருந்தாலும் கார் எழாது. சில கார்களில் கதவைத் திறப்பதே பாடாகிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பார்க்கிங் மோடில், அதாவது கார் நிற்கும்போதும் பதிவு செய்யும் நிலையில், 4 வாட் இழுக்கும் கேமரா ஒரு நாளைக்கு 96 வாட்-மணி எடுக்கும். 60 கிலோவாட்-மணி பேட்டரிக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் 40 ஆம்பியர்-மணி கொண்ட 12 வோல்ட் பேட்டரியில் மொத்தமே 480 வாட்-மணிதான். ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். அப்படிப் பார்த்தால் இரண்டரை நாள்தான் கணக்கு. பல கார்கள் நிறுத்தி வைத்திருக்கும்போதே பெரிய பேட்டரியிலிருந்து சின்னதற்கு அவ்வப்போது சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். உங்கள் கார் எப்போது, எப்படிச் செய்கிறது என்று தெரியாமல் அதை நம்பி இறங்காதீர்கள்.

கேமராவை ஃபியூஸ் பெட்டியோடு இணைக்கும் ஒயர் தொகுப்புதான் ஹார்டுவயர் கிட். "அதில், வோல்ட் குறைந்தால் கேமராவை நிறுத்தும் கட்-ஆஃப் இருக்கே" என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் பெட்டியிலிருந்து வந்த அமைப்பை அப்படியே விடுவதுதான் அடுத்த தவறு. லெட்-ஆசிட் பேட்டரி நிறைந்திருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும், 11.8 என்றால் ஏறக்குறைய காலி. அதனால் 12.2 அல்லது 12.4-இல் வைப்பது நல்லது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை என்றால் இந்தக் கணக்கே செல்லாது. அது கடைசிவரை 13 வோல்ட்டை ஒட்டியே நின்று, முடியும் நேரத்தில் சட்டென்று சரியும். கட்-ஆஃப் விழித்துக்கொள்ளும்போது மிச்சம் ஒன்றும் இருக்காது. சில டெஸ்லா கார்களில் உள்ள லித்தியம்-அயன் துணை பேட்டரி 15 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். கிட் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று வாங்கும் முன்பே பாருங்கள். இரவெல்லாம் பதிவு வேண்டும் என்றால், ஓட்டும்போது மட்டும் சார்ஜ் ஆகும் டேஷ்கேம் பேட்டரி பேக் ஒன்றைத் தனியாக வைப்பதையே நான் சொல்வேன். செலவு கூடும், ஆனால் காரின் பேட்டரி மேல் கை வைக்க வேண்டியதில்லை.

சரி, எந்த ஃபியூஸில் எடுப்பது? பெட்ரோல் காரில் சாவியைத் திருப்பினால் மின்சாரம் வரும், எடுத்தால் போகும். மின்சார காரில் அப்படிச் சொல்ல முடியாது. சார்ஜ் ஏறும்போதும், போன் ஆப் காரை எழுப்பும்போதும் சில ஃபியூஸ்களுக்கு மின்சாரம் வந்துவிடும். கார் ஓடுகிறது என்று நினைத்துக் கேமரா சார்ஜிங் முடியும்வரை வெறும் சுவரைப் பதிவு செய்துகொண்டிருக்கும். மெமரி கார்டு நிறைந்து, தேவையான பழைய காட்சி அதில் அழிந்துவிடும். மெக்கானிக்குகள் காரின் கோளாறைப் படிக்கும் ஓபிடி போர்ட்டில் செருகுவது சுலபம்தான். ஆனால் கருவியைப் பொறுத்துச் சில கார்கள் அதனாலேயே தூங்காமல் விழித்துக் கிடக்கும். அப்போது கேமராவைவிடக் காரின் கணினிகள் பல மடங்கு இழுக்கும்.

அதனால் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒயரைத் தொடாதீர்கள். கதவு திறந்திருந்தால் கார் தூங்காது. திறந்த கதவின் ஓரத்தில் உள்ள பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் 'டக்' என்று கேட்கும்வரை தள்ளினால், கதவு மூடிவிட்டதாகக் கார் நினைத்துக்கொள்ளும். காரைப் பூட்டி, சாவியைத் தள்ளி வைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து எதில் மின்சாரம் இருக்கிறது என்று ஒவ்வொரு ஃபியூஸாகப் பாருங்கள். அப்புறம் சார்ஜரைச் செருகியும் ஒருமுறை பாருங்கள். முடிந்ததும் கைப்பிடியை இழுத்து அந்த நாக்கை விடுவித்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். மறந்தால் பூட்டு அடிபடும்.

ஏர்பேக், பிரேக் ஃபியூஸ்கள் பக்கமே போக வேண்டாம். எர்த் ஒயரைப் பெயின்ட் இல்லாத பாடி போல்ட்டில் கொடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மின்சாரத்தை அளக்கும் சென்சார் இருந்தால் அங்கே நேராகக் கட்டக் கூடாது. அந்தச் சென்சார் கேமரா இழுப்பதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். ஆரஞ்சு நிற கேபிள் எங்கே தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். அது பல நூறு வோல்ட்.

முன்கண்ணாடியின் ஓரத்தில் உள்ள தூணின் உறைக்குள், பக்கவாட்டில் திரைபோல விரியும் ஏர்பேக் மடிந்திருக்கும். ஒயரை அதன் குறுக்கே விட்டால், அது விரியும் நொடியில் ஒயர் தடுக்கலாம், அல்லது முகத்தை நோக்கி வீசப்படலாம். ஏர்பேக்கின் பின்பக்கமாக, ஏற்கனவே போகும் ஒயர் கட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் இங்கே அவசரம் வேண்டாம்.

முன்கண்ணாடிக்குப் பின்னால் காரின் சொந்தக் கேமரா இருந்தால் அதன் பார்வையை மறைக்காமல் ஒட்டுங்கள். கார் வெயிலில் நிற்குமானால், தனக்குள் பேட்டரி உள்ள டேஷ்கேமைவிட, பேட்டரிக்குப் பதிலாகச் சிறிது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் உள்ளது மேல். பேட்டரி சூட்டில் உப்பிவிடும்.

எல்லாம் முடிந்ததும் ரேடியோவைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். கேமராவைச் செருகியதும் கரகரப்பு வந்தால், மலிவான பவர் அடாப்டரோ ஆன்டெனாவை ஒட்டிப் போகும் ஒயரோதான் பெரும்பாலும் காரணம். உறைகளை முழுதாக அழுத்தி மூடும் முன்பே இதைப் பார்த்துவிட்டால், மறுபடி கழற்றும் வேலை மிச்சம்.